அண்ணி ஓடிய ஞாயிறு

அவனுக்குக் குடும்பத்தில் செகண்டு என்று பெயர். வைத்தது அண்ணன். எதையும் விநாடிக் கணக்கில் சொல்லும் பழக்கம் அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. ரயில் எவ்வளவு தாமதம் என்று கேட்டால், “ஏழு நிமிஷம் இருபது செகண்டு” என்பான். முட்டை வேகும்போதுகூட அடுப்புப் பக்கத்தில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவனுக்கு. நாள் முழுக்க ஏசி ஓடும் இருட்டறையில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவரின் மூக்கின் மேல் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா” என்று கேட்க வேண்டும். முப்பத்தாறு வயதில் தொப்பை எட்டிப் பார்த்ததும் ஓட ஆரம்பித்தான். மூன்று வருஷத்தில் அது பைத்தியமாகவே முற்றிவிட்டது. விடியற்காலையில் தனியாகப் போவான், தனியாக வருவான். வந்ததும் வியர்வைகூடத் துடைக்காமல் நேரத்தை நோட்டில் எழுதுவான்.

அந்தக் கோடையில், ஐந்து மணி நேரப் பயணத்தில் இருந்த ஓர் ஏரிக்கரை ஊரில் ஓட்டப் பந்தயம் வைத்திருந்தார்கள். ஏரியை ஒரு சுற்று வந்தால் பதினைந்து கிலோமீட்டர். அவனும் மனைவியும் ஐந்து மாதம் முன்பே பேர் கொடுத்திருந்தார்கள். மனைவிக்கு மழலையர் பள்ளியில் வேலை. பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, சுவரில் படம் ஒட்ட ஏறிய குட்டி ஸ்டூலிலிருந்து இறங்குகையில் இடது கணுக்கால் பிசகிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு, “நீங்க ஓடுங்க, நான் கரையில உக்காந்து வேடிக்கை பார்க்கறேன்” என்றாள். தங்கும் விடுதியில் இரண்டு அறை பதிவு செய்தாகிவிட்டது. அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். சனி, ஞாயிறு வேன் சும்மாதான் நிற்கும். ஆக, அண்ணன், அண்ணி, அவர்களுடைய பதினான்கு வயது மகள், செகண்டு, அவன் மனைவி என்று ஐந்து பேரும் சனிக்கிழமை காலையில் கிளம்பினார்கள்.

அண்ணிக்கு நாற்பத்து மூன்று வயது. பதினாறு வருஷமாக ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை. விடியும் முன்பே போய், மத்தியானம் ஒரு மணி வரை ரொட்டித் தட்டுகளை அடுப்புக்குள் தள்ளுவதும் இழுப்பதுமாக நிற்பவள். அதிகம் பேச மாட்டாள். வீட்டு விசேஷங்களில் எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவள் ஓரமாக உட்கார்ந்தபடியே ஒரு கோழித் தூக்கம் போட்டு எழுந்துவிடுவாள். அண்ணன் அதை வைத்தே அரை மணி நேரம் கிண்டல் செய்வான். தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே செகண்டுக்கு அவளைத் தெரியும். தெரியும் என்றால், எங்கே எந்த நாற்காலியில் இருப்பாள் என்று தெரியும், அவ்வளவுதான்.

எண் அட்டை கொடுக்கிற இடம் ஒரு பழைய உடற்பயிற்சிக் கூடம். தலைக்கு மேல் நான்கு விசிறிகள் வெக்கைக் காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தன. கொண்டைக்குள் பேனாவைச் செருகியிருந்த ஒரு பெண் மேசையில் இருந்தாள். மனைவி நொண்டிக்கொண்டே போய்த் தன் காலைக் காட்டினாள்.

“வேற யாராச்சும் உங்களுக்குப் பதிலா ஓடறதா இருந்தா பேரை மாத்தித் தரலாம்” என்றாள் அந்தப் பெண். “உடம்பு நல்லா இருக்குன்னு இந்தத் தாள்ல கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்.”

பின்னால் நின்றிருந்த அண்ணி தன் கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். “நான் ஓடலாமா?” என்றாள்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். “பஸ் கிளம்பிடுச்சுன்னு சொன்னாக்கூட இவ நடந்துதான் வருவா. இவ ஓடப் போறாளாம்.” மகளும் சிரித்தாள். செகண்டுக்கும் சிரிப்பு வந்தது, மரியாதைக்காக அடக்கிக்கொண்டான். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “ஓடுங்கக்கா” என்று சொல்லி, மேசையிலிருந்த தாளை அண்ணி பக்கம் நகர்த்தினாள்.

அறைக்கு வந்ததும் அவன் மனைவியைக் கேட்டான். “ஏன் அவங்களை உசுப்பேத்தற? பதினஞ்சு கிலோமீட்டர். விளையாட்டா?”

“அஞ்சு மாசமா சாயங்காலம் பூங்காவுல நான் யார்கூட ஓடினேன்னு நினைச்சீங்க?”

“தனியாத்தானே?”

“இருட்டற நேரத்துல தனியா ஓட எனக்குப் பயம்னு அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டேன். முதல் வாரம் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. ரெண்டாவது வாரம் எழுந்து நடந்தாங்க. அப்புறம் என்னோட பழைய ஷூவை வாங்கிப் போட்டுக்கிட்டு கூடவே ஓட ஆரம்பிச்சாங்க. இப்ப கடைசி ரெண்டு சுத்து என்னால அவங்களுக்கு ஈடுகொடுக்க முடியறதில்லை.”

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“சொல்லாதேன்னாங்க. உங்க அண்ணன் காதுக்குப் போனா வருஷம் பூரா அதையே பேசுவாராம்.”

அவனுக்கு அது முழுசாக மனதில் ஏறவில்லை. பூங்காவில் சாயங்காலம் ஓடுவது ஒன்று, பந்தயம் வேறு ஒன்று. அன்று மாலை அண்ணியின் அறைக்குப் போய், கட்டிலில் உட்கார்ந்து, ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தான். எந்தக் கிலோமீட்டரில் எவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டும், எங்கே தண்ணீர் குடிக்க வேண்டும், முடியாவிட்டால் எங்கே நிற்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினான். “நாலு கிலோமீட்டர் வரைக்கும் போங்க அண்ணி. அங்க மேசை போட்டிருப்பாங்க. உக்காந்துட்டீங்கன்னா பின்னாடி வர்ற வண்டி ஏத்திக்கும். அதுல ஒண்ணும் வெட்கம் இல்லை.”

அவள் தாளை மேலிருந்து கீழாகப் பொறுமையாகப் பார்த்தாள். “நாளைக்கு வெயில் எப்படி இருக்கும்னு இதுல எங்க போட்டிருக்கு தம்பி?”

“ஆறு மணிக்கே ஓடிடுவோம் அண்ணி. வெயில் ஏறறதுக்குள்ள முடிஞ்சிரும்.”

“அப்படியா” என்று சொல்லித் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆறு மணிக்குப் பந்தயம் தொடங்கவில்லை. தண்ணீர் கேன்களும் மேசைகளும் ஏற்றி வந்த லாரி, ஊருக்கு வெளியே பாலத்தின் மேல் அச்சு முறிந்து நின்றுவிட்டது. தண்ணீர் இல்லாமல் யாரையும் ஓடவிட முடியாது. ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று. ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சூரியன் கிளம்பி, வந்ததும் வராததுமாக எல்லோர் பிடரியிலும் கை வைத்தது. காற்று இலையைக்கூட அசைக்கவில்லை. முந்நூறு பேர் தார்ச் சாலையில் நின்றுகொண்டு, உடம்பு சூடு ஆறிவிடக் கூடாதென்று குதித்துக்கொண்டும் கால்களை உதறிக்கொண்டும் இருந்தார்கள். செகண்டும் குதித்துக்கொண்டிருந்தான்.

அண்ணி ஒரு மதில் சுவரின் நிழலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பேக்கரியில் தலையில் கட்டும் பெரிய வெள்ளைத் துணியைக் கொண்டுவந்திருந்தாள். அதைப் பக்கத்துக் குழாயில் நனைத்துப் பிழியாமல் மடியில் போட்டிருந்தாள். கையில் எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்ட தண்ணீர். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வாய் குடித்தாள்.

“உக்காருங்க தம்பி. சும்மா நிக்கறதும் வேலைதான். உடம்பு அதையும் கணக்குல எழுதிக்கும்.”

“தாகமா இல்லையே அண்ணி, இவ்வளவு குடிச்சா வயிறு கலங்காதா?”

“அடுப்பு முன்னாடி நிக்கறவங்க தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்க மாட்டோம். எடுத்துச்சுன்னா அப்பவே லேட்டு.” இன்னொரு வாய் குடித்துவிட்டு, “இன்னைக்கு உங்க கணக்கை விட்டுடுங்களேன். அது வேற நாளுக்குப் போட்டது” என்றாள்.

அவன் தலையாட்டினான். ஆட்டியது தலை மட்டும்தான். மூன்று வருஷ நோட்டு உள்ளே இருந்தது. ஒரு மணி பதினைந்து நிமிஷத்தில் முடிப்பது என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டு வைத்திருந்தான்.

ஏழே முக்காலுக்கு வேறொரு வண்டியில் தண்ணீர் வந்தது. ஒலிபெருக்கிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இன்னைக்கு யாரும் நேரத்தைப் பார்த்து ஓடாதீங்க. விலகறவங்க தாராளமா விலகலாம்” என்று அறிவித்தார். நாற்பது ஐம்பது பேர் எண் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “ஏம்மா, நீயும் கழட்டிக் குடுத்துட்டு வாயேன், எல்லாரும் சேர்ந்து டிபன் சாப்பிடப் போகலாம்” என்று குரல் கொடுத்தான். அண்ணி ஷூவின் கயிற்றை இழுத்துக் கட்டினாள். சொட்டச் சொட்ட இருந்த வெள்ளைத் துணியைத் தலையில் சுற்றி, பின்கழுத்தை மூடும்படி முடிச்சுப் போட்டாள். கூட்டத்தின் கடைசி வரிசையில் போய் நின்றாள்.

விசில் அடித்ததும் செகண்டு சிட்டாகப் பறந்தான். முதல் ஐந்து கிலோமீட்டர் இருபத்து நான்கு நிமிஷம் ஐம்பது விநாடி. அவனுக்கே அவன் மேல் பெருமையாக இருந்தது. படகு பழுது பார்க்கும் பட்டறைகள், டயர் கடை, மூடியிருந்த ஒரு பள்ளிக்கூடம், எல்லாம் பின்னால் போயின. ஆறாவது கிலோமீட்டரோடு மரங்கள் முடிந்தன. ஒரு பக்கம் ஏரி கண்ணாடித் தகடு மாதிரி வெயிலைத் திருப்பி அடித்தது. இன்னொரு பக்கம் வெட்டவெளி. ஏழாவதில் குடித்த தண்ணீர் வயிற்றிலேயே குலுங்கிக்கொண்டிருந்தது. எட்டாவதில் கையைப் பார்த்தான். அந்தக் கொளுத்துகிற வெயிலில் கை மயிர் சிலிர்த்து நின்றது. குளிர்வது போலிருந்தது. ஏதோ சரியில்லை என்று தெரிந்தும், கடிகாரத்தைப் பார்த்தான், இன்னும் கொஞ்சம் என்று இழுத்தான். ஒன்பதாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும் சாலை இடது பக்கமாகச் சாய்கிற மாதிரி ஒரு தோற்றம். கால்கள் அவனைக் கேட்காமலே நின்றுவிட்டன.

அங்கே கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு நடுவில் ஒரு பெரிய மரமும் அதன் கீழ் ஒரு தண்ணீர் மேசையும் இருந்தன. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் உள்ளூரில் சலூன் வைத்திருப்பவர். உதவிக்கு வந்த இடத்துக்கும் கடையில் தலைக்குத் தண்ணீர் பீச்சுகிற பாட்டிலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். செகண்டைத் தாங்கிப் பிடித்து ஒரு படகின் மேல் உட்கார வைத்து, முடி வெட்ட வந்தவனுக்கு அடிப்பது போலத் தலையில் புஸ் புஸ்ஸென்று அடித்தார். “உங்களுக்கு முன்னாடி ஒன்பது பேர் உக்காந்துட்டாங்க சார். கவலைப்படாதீங்க” என்றார், ஆறுதலாக.

பத்து நிமிஷம் போயிருக்கும். வளைவில் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது.

அண்ணி ஓடி வந்த விதம் அவன் அதுவரை பார்த்த ஓட்டக்காரர்கள் யாருடையதைப் போலவும் இல்லை. குட்டிக் குட்டி அடிகள். தோள் அசையவே இல்லை. தலையில் ஒரு தட்டை வைத்தால் அதிலிருக்கும் எதுவும் சிந்தாது. வேகம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவனைக் கண்டதும் சாலையிலிருந்து இறங்கி நேராக வந்தாள். புறங்கையை அவன் கழுத்தில் வைத்தாள். முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“உங்க பொண்டாட்டிக்கு எந்தக் கால் சுளுக்கு?”

“இடது.”

“நாம தங்கியிருக்கற அறை எந்த மாடி?”

“ரெண்டாவது. எதுக்கு அண்ணி?”

“வாந்தி வருதா? தலை வலிக்குதா?”

“இல்லை. காலுதான் ஒத்துழைக்கலை.”

“புத்தி நல்லாத்தான் இருக்கு. உடம்புதான் கோவிச்சுக்கிச்சு” என்றாள். குனிந்து அவன் ஷூவையும் காலுறையையும் கழற்றினாள். சலூன்காரரிடம் திரும்பி, “கழுத்துலயும் அக்குள்லயும் தண்ணி ஊத்துங்கண்ணே. குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. பேச்சு குழறுச்சுன்னா உடனே டாக்டர் வண்டியைக் கூப்பிட்டுடுங்க. எங்க பேக்கரியில புதுசா வந்த பொண்ணு ஒருத்தி இப்படித்தான் சரிஞ்சு விழுந்தா” என்றாள். அவர் ‘சரிம்மா’ என்று பாட்டிலை வைத்துவிட்டு வாளியைத் தூக்கினார்.

அண்ணி இனி தன்னோடு உட்கார்ந்துகொள்வாள் என்றுதான் செகண்டு நினைத்தான். யாராவது காய்ச்சலில் படுத்தால் இரவெல்லாம் விழித்திருக்கிறவள், தன் சாப்பாட்டைக் கடைசியாகப் போட்டுக்கொள்கிறவள். “நீங்க சிரமப்படாதீங்க அண்ணி, ரெண்டு பேருமே வண்டியில போயிடலாம்” என்று அவனாகவே சொன்னான்.

அவள் வாளித் தண்ணீரில் தலைத்துணியை மறுபடி நனைத்தாள். “இவர் உங்களை நல்லா பார்த்துப்பார் தம்பி. நான் உக்காந்தா எனக்குக் கால் பிடிச்சுக்கும், உங்களுக்கு அதனால ஒண்ணும் கூடப் போறதில்லை. எனக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்கு. போறேன்.”

போய்விட்டாள்.

ஒரு கணம் அவனுக்குச் சுருக்கென்றது. அடுத்த கணம் அந்தச் சுருக்கை நினைத்தே வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் ‘எனக்கு’ என்ற வார்த்தையை அண்ணி சொல்லி அவன் கேட்டது இதுதான் முதல் தடவை.

அந்த இடத்தில் ஏரி நிலத்துக்குள் நாக்கை நீட்டியிருந்தது. சாலை அந்த நாக்கைச் சுற்றிக்கொண்டு எதிர்க் கரையில் திரும்பி வரும். படகின் மேல் உட்கார்ந்தபடியே எதிர்க் கரைச் சாலையை ஒரு கோடி முதல் மறு கோடி வரை அவனால் பார்க்க முடிந்தது. தூரப் பார்வையில் அவன் கெட்டி. அங்கே ஓடுகிறவர்கள் சுண்டு விரல் அளவில் தெரிந்தார்கள். சிலர் நடந்தார்கள். சிலர் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். நீலச் சட்டை போட்ட நெட்டையான ஒருவர் நூறடி பாய்ந்து ஓடுவார், அப்புறம் நடப்பார், மறுபடி பாய்வார்.

வெள்ளைப் புள்ளி எதிர்க் கரையின் தொடக்கத்தில் வந்தது. ஒருவரைத் தாண்டியது. சிறிது பொறுத்து இரண்டு பேரைச் சேர்த்துத் தாண்டியது. நீலச் சட்டைக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒரு பாய்ச்சல் பாய்ந்தார். புள்ளி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தன் பாட்டுக்கு வந்தது. அவர் நின்றார், அது கடந்துபோனது.

“யாரு சார் அந்தம்மா?” என்றார் சலூன்காரர். வாளியைக் கீழே வைத்துவிட்டு, நெற்றிக்கு மேல் கையை வைத்து அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க அண்ணி.”

“எத்தனை வருஷமா ஓடறாங்க?”

“அஞ்சு மாசம். எனக்கு நேத்துதான் தெரியும்.”

அவர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடி ஏரிக்குத் திரும்பினார்.

எதிர்க் கரையில் ஒரு மேடு இருந்தது. அங்கே புள்ளி மெதுவாகி நடக்கத் தொடங்கியது. முடிந்தது, அவ்வளவுதான் என்று செகண்டு நினைத்தான். அவனைப் பொறுத்தவரை நடப்பது என்றால் தோற்பது. ஆனால் புள்ளி மேட்டின் உச்சி வரை நிதானமாக நடந்து, உச்சியைத் தொட்டதும், கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிறவள் மாதிரி அத்தனை இயல்பாக மறுபடி ஓட ஆரம்பித்தது. அதே குட்டி அடிகள். அதே சீர். மேட்டில் ஓடி ஏறி மூச்சிரைத்து நின்றிருந்த இரண்டு பேரைச் சரிவில் தாண்டியது. மொத்தம் பதினொரு பேர். கடைசி ஆளைத் தாண்டி அது மரங்களுக்குள் மறைகிற வரை அவன் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அரை மணி நேரம் கழித்துக் கால் கொஞ்சம் தெளிந்தது. பின்னால் வந்த வண்டிக்காரர் கூப்பிட்டார். “நடந்தே வந்துடறேன்” என்றான். ஆறு கிலோமீட்டரை ஒரு மணி பத்து நிமிஷத்தில் நடந்தான். ஒவ்வொரு மேசையிலும் நின்றான். வழியில் தெரிந்த ஒவ்வொரு நிழலிலும் நின்றான். இதே தார், இதே வெயில்தானே அவளுக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தான்.

முடிவுக் கோட்டில் கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. அண்ணன் சாலை நடுவில் தனியாக நின்றிருந்தான். தம்பியைப் பார்த்ததும் ஓடி வந்து கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டான். ‘செகண்டு இன்னைக்கு மணி ஆயிட்டானா’ என்று ஏதாவது கேட்பான் என்று அவன் எதிர்பார்த்தான். அண்ணனோ அவனை வேலி ஓரமாக உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கையில் கொடுத்தான்.

“உங்க அண்ணி வந்துட்டாடா” என்றான்.

“தெரியும்ணா. எத்தனாவது?”

“பொம்பளைங்கள்ல அஞ்சாவது. அறுபத்தோரு பேர்ல அஞ்சாவது. நாப்பது வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல முதல். நான் போய் அந்தக் கொண்டைப் பொண்ணுகிட்ட தாளை வாங்கி ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேன். ஒரு மணி நாப்பத்தி ஒரு நிமிஷம்.” அண்ணன் வேலிக் கம்பியை விரலால் சுண்டினான். “நான் பார்க்கலைடா.”

“என்னண்ணா?”

“இவ எப்படியும் பத்தரைக்கு மேலதான் வருவான்னு நினைச்சு வேனை நிழல்ல போட்டுத் தூங்கிட்டேன். எழுந்து வந்து பார்க்கறேன், இவ துண்டைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கா. ‘எந்த இடத்துல வண்டியில ஏறின’ன்னு கேட்டேன். கேட்டேன்டா நான். அதுக்கும் சிரிச்சா. பொண்ணுதான் சொன்னா, ‘அப்பா, அம்மா ஓடியே வந்தாங்க, கடைசியில எல்லாரும் கை தட்டினாங்க’ன்னு.” வேலிக் கம்பியை விட்டுவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினான். “ஊர்ல பேர் தெரியாதவங்கல்லாம் எழுந்து நின்னு கை தட்டியிருக்காங்க. நான் வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கியிருக்கேன்.”

செகண்டு தான் பார்த்ததைச் சொன்னான். எதிர்க் கரை, வெள்ளைத் துணி, மேடு, நீலச் சட்டைக்காரர், பதினொரு பேர். அண்ணன் இடையில் ஒரு கிண்டல்கூடப் பேசாமல் கேட்டான். முடிந்ததும், “அந்த மேட்டை இன்னொரு தரம் சொல்லு” என்றான்.

அண்ணி ஒரு மர நிழலில் புல் மேல் மல்லாந்து படுத்திருந்தாள். பாதத்தில் இரண்டு கொப்புளம். செகண்டின் மனைவி தன் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, அண்ணியின் கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் அவளுக்குத்தான் பூரிப்பு. மகள் அம்மாவின் எண் அட்டையைத் தன் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தாள்.

“வாங்க தம்பி. தெம்பா இருக்கீங்களா?”

“இருக்கேன் அண்ணி. எப்படி இப்படி ஓடினீங்க?”

அவள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்துத்தான் சொன்னாள். “அடுப்புல ஒரு நாளைக்கு நானூறு தட்டு. காலையிலேயே வேகமா தள்ளிட்டா பத்து மணிக்குக் கை நடுங்கும். மெதுவா தள்ளினா ரொட்டி கருகிடும். நானூறாவது தட்டையும் முதல் தட்டு மாதிரியே தள்ளணும். அந்த மாதிரிதான் இன்னைக்கும் போனேன். அந்தச் சூட்டைப் பார்த்தா இந்த வெயில் ஒண்ணும் பெரிசில்லை. இங்கயாவது ஏரி இருக்கு, வானம் இருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “கடைசி ஒரு கிலோமீட்டர் மட்டும் ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சு. எதுக்குன்னு தெரியலை. கொஞ்சம் அழுதுக்கிட்டேதான் ஓடினேன்” என்றாள்.

கோப்பை கொடுத்தார்கள். சின்னக் கோப்பை. அதை வாங்க எழுந்தபோதுதான் அண்ணியின் முழங்கால்கள் பூட்டிக்கொண்டது தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தபோது மாடிப்படி பெரிய சோதனையாகிவிட்டது. லிஃப்ட் கிடையாது. ஒரு கால் கட்டுக்காரி, ஒரு முழங்கால் மடங்காதவள், நாலடிக்கு ஒரு தரம் தொடை இழுத்துக்கொள்ளும் செகண்டு. மூன்று பேரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறியதைப் பார்த்து மகள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். இறங்கும்போது அண்ணி புது வழி கண்டுபிடித்தாள். திரும்பி நின்று, ஏணியிலிருந்து இறங்குவது போலப் பின்பக்கமாக இறங்கினாள். அண்ணன் அவளுக்குக் கீழே இரண்டு படி தள்ளி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, “இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு, இந்தப் படி கொஞ்சம் உயரம், பார்த்து” என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். நடுவில் அண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தொடை வலித்தது. வலித்ததால் இன்னும் சிரித்தாள். விடுதிக்காரர் என்னவோ ஏதோ என்று வெளியே வந்து பார்த்தார்.

“எங்க வீட்டுக்காரம்மா” என்றான் அண்ணன் அவரிடம். “ஏரியைச் சுத்தி ஓடி வந்திருக்காங்க. ஒரு மணி நாப்பத்தி ஒரு நிமிஷம்.” கொஞ்சம் யோசித்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினான். “எத்தனை செகண்டுடா?”

“பன்னெண்டு” என்றான், அந்தத் தாளைத் தானும் பார்த்திருந்த செகண்டு.

“பன்னெண்டு செகண்டு” என்றான் அண்ணன், விடுதிக்காரரிடம்.

நாலு மணிக்குக் கிளம்பினார்கள். அண்ணி வேனின் நடு வரிசையில் இரண்டு இருக்கையை எடுத்துக்கொண்டு காலை நீட்டிப் படுத்தவள், ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். தூக்கத்தில் லேசாகக் குறட்டைகூட வந்தது. யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. செகண்டு அவளுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அவள் முகத்தில் விழுந்த வெயிலைத் தன் துண்டைப் பிடித்து மறைத்துக்கொண்டு வந்தான். ஐந்து மணி நேரப் பாதையில் வேகத்தடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அண்ணன் வண்டியை அநேகமாக நிறுத்தி, முன்சக்கரத்தை ஏற்றி இறக்கி, அப்புறம் பின்சக்கரத்தை ஏற்றி இறக்கி, கண்ணாடியில் ஒரு தரம் பின்னால் பார்த்துவிட்டு, மெல்ல நகர்த்தினான். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, தாண்டிப் போங்கள் என்று சைகை காட்டிக்கொண்டே ஓட்டினான்.